பணிவிடைக்கு முன் படிப்பு

இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வறியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த பெயர் அது. மீனவரும், துறைமுகச் சுமையாளரும், திருவொற்றியூர்த் தொழிற்சாலைப் பாட்டாளியும் அடிபட்டால் நாடிச் செல்லும் வாசல் அது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறியோர் மருத்துவமனைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். அத்தகைய இரவுகளில் நோயாளியின் அருகிலேயே நின்று காக்கும் கரம் செவிலியருடையது.

அக்கரம் எங்கிருந்து வருகிறது? நம் தெருவில், ஒற்றை அறை வீட்டின் மூலையில், இறுதித் தேர்வுக்காக நூலை விரித்து அமர்ந்திருக்கும் மாணவியிடமிருந்தே வருகிறது. மருத்துவ-அறுவைச் செவிலியம் அவள் கல்வியின் ஆணிவேர். தீக்காயம், அதிர்ச்சி நிலை, இரத்தப்போக்கு, நீரிழிவு, அறுவைக்குப் பின் கண்காணிப்பு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 500 மில்லி திரவத்தை 4 மணி நேரத்தில் நரம்பின் வழி ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. இதில் பிழைத்தால் தேர்வுத்தாளில் போவது சில மதிப்பெண். இதய நோயாளியிடம் பிழைத்தாலோ, நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகக்கூடும். ஆகவே பழைய வினாக்களை மனனம் செய்து தப்பித்துக்கொள்ளும் படிப்பு போதாது. ஒவ்வொரு நோய்க்கும் காரணம் என்ன, அபாய அறிகுறி எது, முதலில் செய்யத்தக்கது யாது, மருத்துவரை எப்போது அழைப்பது என்று தன்னைத்தானே கேட்டுப் படித்தல் வேண்டும்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இது அபூதாவூதில் பதிவான நபிமொழி. அந்த அளவுகோலில் நோக்கின், இத்தேர்வுக்கு உழைப்பது அமானிதத்தைப் பேணுவதே அன்றோ!

‘இரவுப் பணியாயிற்றே, அந்நியரைத் தொட வேண்டுமே’ எனத் தயங்கும் பெற்றோர் உளர். அவர்தம் கவலையை நாம் இகழவில்லை. ஆயின் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்தே பேணச் செய்தார்கள் நபிகளார். போர்க்களத்தில் காயமுற்றோர்க்கு நீர் புகட்டி மருந்திட்டதை ருபையிஉ (ரலி) அம்மையாரே அறிவித்துள்ளார். அது புகாரியில் உள்ளது. மேலும், நம் இல்லத்து மூதாட்டி படுக்கையில் வீழ்ந்தால் பெண் செவிலியரையே தேடுகிறோம். அவர் பிறர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், நம் வீட்டுப் பெண்ணாக மட்டும் இருத்தல் ஆகாது என்பது நியாயமாகுமா?

மருத்துவத்தை ‘ஃபர்ளு கிஃபாயா’ என வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், முஸ்லிம் மருத்துவர் ஒருவருமில்லாத ஊர்கள் எத்தனை என்று தம் காலத்திலேயே வருந்தினார்கள். அவர்கள் மறைந்தது 1111-இல். அந்த வருத்தம் நமக்கும் உரியதே. ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் கடமையும் நீங்கும். எவருமே முன்வராவிடில் குற்றம் அனைவரையும் சாரும்.

எனவே, பெற்றோரே, தேர்வு முடியும் வரை அம்மாணவியின் தோளிலிருந்து சமையற்கட்டுச் சுமையைச் சற்றே இறக்கி வையுங்கள். திருமணப் பேச்சைத் தேர்வுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். இஷாவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்து விடுங்கள். அதிகாலையில் தம் சமுதாயத்துக்கு பரக்கத் வேண்டி நபிகளார் துஆச் செய்தார்கள். சுபுஹுத் தொழுகைக்குப் பின்வரும் அந்த அமைதியான நேரத்தை அவளுக்கே விட்டுக்கொடுங்கள்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்பது திருமறையின் போதனை. அந்த நற்பேறு வார்டில் தொடங்குவதன்று. வீட்டு மூலையில் விரித்து வைத்த நூலில் தொடங்குகிறது. அதில் நமக்கும் பங்குண்டு. அல்லாஹ் நல்லருள் புரிவானாக!