கம்பெனிகள் சண்டை! தவித்தார்கள் பழ வியாபாரிகள்!

2017-ம் ஆண்டு, ஜூன் 1-ந் தேதி. சீனாவில் லிச்சிப் பழம் பழுத்து இறங்கும் காலம்.

ஆன்லைனில் சரக்கு விற்கும் வியாபாரிகளுக்கு அன்று ஒரு தகவல் வந்தது. "எஸ்.எப்." என்ற பெரிய கூரியர் கம்பெனியில் அனுப்பிய பார்சல் எங்கே போகிறது என்ற விவரம் இனிக் கிடைக்காது, இப்போதைக்கு வேறு கூரியரைப் பாருங்கள் என்பதே அது.

துணிமணி என்றால் நாலு நாள் காத்திருக்கும். பழம் காத்திருக்குமா? அழுகிவிடும் அல்லவா?

சண்டை என்ன? அதை அறியக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

யார் முதலில் கொடுப்பது?

2003-ம் ஆண்டில் "அலிபாபா" கம்பெனி, "டாவோபாவோ" என்ற ஆன்லைன் கடையைத் தொடங்கியது. விற்பவர் ஓர் ஊர். வாங்குபவர் வேறு ஊர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. பணத்தை முதலில் அனுப்பினால் சரக்கு வருமா என்று இவருக்குப் பயம். சரக்கை முதலில் அனுப்பினால் பணம் வருமா என்று அவருக்குப் பயம்!

இதற்கு ஒரு வழி பிறந்தது. பணத்தைக் கடையிடம் கட்ட வேண்டும். சரக்கு வந்து சேர்ந்ததும், "சரி" என்று வாங்கியவர் சொல்ல வேண்டும். அதன் பிறகே பணம் விற்றவர் கைக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் பெயர் "அலிபே". இந்த முறையில் சியான் நகர மாணவர் ஒருவர், ஜப்பானில் இருந்தவரிடம் ஒரு பழைய காமிராவை வாங்கினார். விலை 750 யுவான். (யுவான் என்பது சீன நாணயம்.) அதுதான் முதல் வியாபாரம்.

அலிபாபா ஒரு வங்கி அல்ல. பணத்தை வாங்கிக் கொடுக்க வங்கிகள் கைகொடுத்தன. அதனால்தான் காரியம் நடந்தது.

லாரி யாருடையது?

சரக்கைக் கொண்டு போவது அடுத்த கவலை. அலிபாபாவிடம் அப்போது லாரிப் படை இல்லை. கூரியர் கம்பெனிகளிடம் இருந்தது. அவற்றில் நாலு பெரிய கம்பெனிகளைத் தொடங்கியவர்கள் டோங்லு என்ற ஒரே வட்டாரத்துக்காரர்கள்! ஒருவர் பிழைத்த வழியை மற்றவரும் பிடித்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

2009 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11-ந் தேதி பெரிய தள்ளுபடி விற்பனை நடந்தது. பார்சல்கள் மலை மலையாகக் குவிந்தன. கூரியர்கள் திணறின. 2013-ல் அலிபாபாவும் கூரியர் கம்பெனிகளும் கூடி, "சைநியாவ்" என்ற கூட்டுக் கம்பெனியை அமைத்தன. "கத்துக்குட்டி" என்று அதற்குப் பொருள்!

கத்துக்குட்டி என்ன செய்தது? எந்தப் பார்சல் எங்கே இருக்கிறது என்ற தகவல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தது. கம்ப்யூட்டர் அச்சடித்த சீட்டு பார்சலில் ஏறியது. கையால் விலாசம் எழுதும் வேலை குறைந்தது. எந்தக் கூரியரில் போனாலும் கடைக்காரருக்கு விவரம் தெரிந்தது. 2021-ல் சீனாவில் ஒரே ஆண்டில் 10,000 கோடிக்கு மேல் பார்சல்கள் போயின. இத்தனையையும் ஒரே கம்பெனி சுமந்திருக்க முடியாது.

மூண்டது சண்டை

வாங்குபவரின் பெயர், விலாசம், போன் நம்பர்: இவை யாருக்குச் சொந்தம்? 2017-ல் சைநியாவுக்கும் எஸ்.எப்.புக்கும் இதில்தான் தகராறு. தகவலை முதலில் நிறுத்தியது நீதான் என்று ஒன்றையொன்று குற்றம் சாட்டின. சீன அரசின் தபால் துறை இருவரையும் அழைத்துப் பேசியது. ஜூன் 3-ந் தேதி பகலில் தகவல் மறுபடி ஓடத் தொடங்கியது.

பழ வியாபாரிகள் மூச்சு விட்டார்கள். இந்தச் சண்டையில் அவர்களை யாரும் யோசனை கேட்கவில்லை. கெட்டுப் போக இருந்ததோ அவர்களுடைய பழம்!

கூட்டுச் சேர்ந்து வளர்ந்த அலிபாபா, பிறகு சிறு வியாபாரிகளை இறுக்கிப் பிடித்தது. என் கடையில் விற்றால் போட்டிக் கடையில் விற்காதே என்று கட்டாயப்படுத்தியது. 2021 ஏப்ரலில் சீன அரசு அதற்கு 1,822 கோடி யுவான் அபராதம் போட்டது.

2024 செப்டம்பரில், பரம எதிரியான "டென்சென்ட்" கம்பெனியின் "வீசாட் பே" மூலமும் டாவோபாவோவில் பணம் கட்டலாம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே இன்னொரு போட்டியாளரான "ஜே.டி."யின் கூரியரும் டாவோபாவோ சரக்கை ஏற்றத் தொடங்கியது.