பிஞ்சுக் கரங்களில் ஓர் அமானிதம்

சிறுவர் ஒருவர் ஆட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவருக்கு அது சரிவரக் கைவரவில்லை என்பதைக் கண்டார்கள். வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. சிறுவரைச் சற்று விலகி நிற்கச் சொல்லி, தோலுக்கும் தசைக்கும் இடையே தம் திருக்கரத்தை அக்குள்வரை நுழைத்து, உரிக்கும் முறையைச் செய்தே காட்டினார்கள். அதன் பின்னரே தொழுகைக்குச் சென்றார்கள். அபூதாவூத் தொகுப்பில் காணப்படும் இந்த நிகழ்ச்சி, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழி எது என்பதை நமக்கு உணர்த்துகிறது. செவியால் கேட்டது மறந்து போகும். கையால் கற்றது காலமெல்லாம் உடன்வரும்.

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் எனத் திருமறையின் பதினேழாம் அத்தியாயம் கண்டிக்கிறது. நம் பிள்ளைகள் மதரஸாவில் இதனை ஓதுகின்றனர், பொருளும் அறிகின்றனர். ஆனால், ஓதிவிட்டு இல்லம் திரும்பும் குழந்தை காண்பது என்ன? வாழைப்பழத் தோலும், உடைந்த கண்ணாடியும், மருந்துக் குப்பியும், பால் உறையும் ஒரே பைக்குள் திணிக்கப்பட்டு வாசலில் வைக்கப்படுவதைத்தான் காண்கிறது. நா ஒன்றையும் கை வேறொன்றையும் கற்பிக்கும் இல்லத்தில், இறுதியில் கையே வெல்கிறது.

அந்தப் பை எங்கே போகிறது? மற்றொரு மனிதரின் கைக்குப் போகிறது. நாம் கலந்து எறிந்ததைத் துப்புரவுப் பணியாளர் தம் விரல்களால் பிரிக்கிறார். நம் வீட்டுக் கண்ணாடிச் சில் கிழிப்பது அவருடைய விரலை. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என அருளிய பெருமானாரின் உம்மத்தினர், பிறர் கையில் இடையூற்றைக் கொடுத்தனுப்புவது எவ்வாறு பொருந்தும்? ஆகவே, குப்பையைப் பிரிப்பது சுகாதாரத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஹுகூகுல் இபாத் எனும் அடியார்களின் உரிமையைப் பற்றியதுமாகும். வீட்டுக் குப்பையை வகை பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. நமக்கோ, அதற்கு முன்பே மார்க்கம் பணித்திருக்கிறது.

அண்ணலாரின் இல்லத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள். ஆடையைத் தாமே தைத்தார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. அவர்களுடைய பாத்திரம் உடைந்தபோது அது எறியப்படவில்லை, வெள்ளியால் இணைக்கப்பட்டது. செத்துக் கிடந்த ஆடு ஒன்றைக் கண்டபோது, அதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கலாகாதா என வினவினார்கள். அதை உண்பதுதான் விலக்கப்பட்டது என விளக்கினார்கள். சின்னஞ்சிறுமியான உம்மு காலித் (ரலி) அவர்களுக்குப் புத்தாடை அணிவித்தபோது, அது தேய்ந்து பழையதாகும்வரை உடுத்துமாறு வாழ்த்தினார்கள். புத்தாடை தரும் வேளையிலேயே அதன் முழுப் பயனையும் குழந்தையின் மனத்தில் பதித்த பண்பு அது!

இப்பண்பை நம் இல்லங்களில் வளர்ப்பது எவ்வாறு? பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை.

முதலாவது, அடுக்களையில் இரண்டு கூடைகள். காய்கறித் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவை ஒன்றில். காகிதம், தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவை மற்றொன்றில். நான்கு வயதுக் குழந்தையும் இதனைப் பிரித்துவிடும். ஆனால், கண்ணாடிச் சில்லையும் பிளேடையும் மருந்தையும் பெரியோரே எடுத்து, தனியே காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டு வைக்கவேண்டும். யாருடைய கை காயப்படாதிருக்க இதைச் செய்கிறோம் என்பதை அப்போதே குழந்தைக்குச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, அடியில் துளையுள்ள மண்தொட்டி. சருகை அடியில் பரப்பி, காய்கறித் தோலை இட்டு, மீண்டும் சருகால் மூடி, சிறிது நீர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் கரிய எருவாகும். பிரியாணி எலும்பும் மீன் கழிவும் இதில் வேண்டா. அவை எலியை அழைக்கும். அந்த எருவில் குழந்தை தன் கையால் வெந்தயம் விதைத்து, முளைத்த கீரையை உம்மாவிடம் கொண்டுவந்து தரட்டும். இறந்த பூமியை உயிர்ப்பிப்பவன் இறைவன் எனத் திருமறை பலமுறை எடுத்தோதும் உண்மையை அக்குழந்தை அன்று கண்ணாரக் காணும்.

மூன்றாவது, பழைய காகிதம். ஆண்டு இறுதியில் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால், ஒரு புதிய கணக்கு நோட்டு கிடைக்கும். எழுதிய தாள்களைக் கிழித்து இரவு முழுதும் ஊறவைத்து, கூழாக்கி, சல்லடையில் மெல்லப் பரப்பி வெயிலில் உலர்த்தினால் புதிய தாளாகும். அதில் பாட்டனாருக்கு ஸலாம் எழுதட்டும்! இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இறைவனின் திருநாமமும் மறைவசனமும் அச்சான தாள்களை, நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த வெள்ளிப் பக்கம் உட்பட, முதலிலேயே தனியே எடுத்துவைக்கக் குழந்தைக்குப் பழக்குங்கள். அவற்றைக் கால்படாத தூய இடத்தில் புதைக்கலாம். அல்லது பள்ளிவாசல் இமாமின் ஆலோசனைப்படி செய்யலாம்.

நான்காவது, துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. அத்தாவின் பழைய கைலியில் உம்மா தைக்க, குழந்தை நூல் கோத்துக் கொடுக்கட்டும். தான் உதவித் தைத்த பையைக் குழந்தை கடைக்கு எடுத்துச் செல்ல மறப்பதில்லை.

சேர்ந்த தகரத்தையும் தாளையும் குழந்தையுடன் காயலான் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பழம்பொருள் வாணிகம் செய்த காயல்பட்டினத்தாரின் பெயராலேயே அக்கடைக்கு அப்பெயர் வழங்கிற்று என்பர். எடை போடுவதைக் குழந்தை கவனிக்கட்டும். கிடைக்கும் சில்லறையைத் தன் கையாலேயே ஸதகா உண்டியலில் இடட்டும். பிறர் குப்பை என்றது ஓர் ஏழையின் உணவாக மாறுவதை அது உணரும்.

ஒன்றை மறத்தலாகாது. மறுசுழற்சி என்பது மேலும் வாங்கிக் குவிப்பதற்கான அனுமதிச் சீட்டன்று. கண்ணாடியையும் உலோகத்தையும் மீண்டும் மீண்டும் உருக்கலாம். காகிதத்தின் நாரோ ஒவ்வொரு முறையும் குறுகிப் போகிறது. பிளாஸ்டிக்கின் தரமும் தாழ்ந்துகொண்டே போகிறது. தின்பண்டப் பொட்டலத்தின் பளபளக்கும் உறையை மீட்டெடுப்பது மிக அரிது. கழிவில் கைவினை செய்வதற்கென்று கடையில் வண்ணத்தாளும் பசையும் மினுக்குத்தூளும் வாங்குவதும் விரயமே. போதுமென்ற மனமே முதற்பாடம்; பழுது பார்த்துப் பயன்படுத்துவது அடுத்தது; உருமாற்றுவது அதற்கும் அடுத்தது.

இப்பாடம் கற்ற பிள்ளை நாளை நம்மையே வினவும். நோன்புக் கஞ்சி குடித்த குவளைகள் பள்ளிவாசல் வாசலில் சிதறிக் கிடப்பது ஏன் என்று கேட்கும். வலீமா விருந்தில் பாதி குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர்ப் புட்டிகளைக் காட்டிக் கேட்கும். அப்போது சினந்து அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். நாம் மறந்த பாடத்தை நம் பிள்ளை நமக்கு நினைவூட்டுகிறது என்று மகிழுங்கள். எழுந்து அதனுடன் குனிந்து பொறுக்குங்கள்.

இப்பூமியும் அமானிதம், பிள்ளைகளும் அமானிதம். ஓர் அமானிதத்தைப் பேணும் கரங்களாக மற்றோர் அமானிதத்தை வளர்த்தெடுக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.