கதீஜாகிட்ட பலிக்காத மிரட்டல்!

2012 மார்ச். அஜர்பைஜான் தலைநகர் பாகுவில், நிருபர் கதீஜா இஸ்மயிலோவாவுக்கு ஒரு கவர் வருது. உள்ளே, அவரோட படுக்கையறையில் ரகசியக் கேமரா வெச்சு எடுத்த படங்கள்! வேலையை நிறுத்தலைன்னா மானம் போகும்னு மிரட்டல்.

அதிபர் குடும்பத்தோட பிசினஸ் ரகசியங்களைத் தோண்டி எழுதினதுதான் அவர் செஞ்ச 'தப்பு'!

கதீஜா பதுங்கலை. மிரட்டலை அவரே ஊரறியச் சொல்லிட்டார். வீடியோவை நெட்ல விட்டாங்க. அவரோ எழுதிக்கிட்டே இருந்தார். 2014 டிசம்பரில் கைது. 2015-ல் 7½ வருஷ ஜெயில் தண்டனை. இந்த ஏழரைக்குக் காரணம் சனி இல்லீங்க, சர்க்கார்! உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2016 மே மாசம் வெளியே வந்தார். 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு.

போட்டோவைக் காட்டி மிரட்டுறவனுக்கு ஒரே பலம், நம்ம வெட்கம்தான். வெட்கப்பட வேண்டியது எடுத்தவன். நாம ஏன் ஒளியணும் ஃப்ரெண்ட்ஸ்?