ஸ்டென்டுக்குக் கொடுத்த பணம்

இதய நோயாளியின் குடும்பத்தார் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "மூணு ரகம் சொல்றாங்க சார். விலை கூடினதுதான் நல்லதா?" ஆஞ்சியோ முடிந்து அடைப்பு எத்தனை சதவீதம் என்று தெரிந்த கையோடு தில்லியின் மயூர் விஹாரிலிருந்தோ ராமகிருஷ்ணபுரத்திலிருந்தோ இப்படித் தொலைபேசி வரும். அப்பா உள்ளே மேசையில் படுத்திருப்பார். யோசிக்க நேரம் இருக்காது. பேரம் பேச மனசும் வராது.

ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஓர் அருமையான கண்டுபிடிப்பு. அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பால்மாஸ் என்ற மருத்துவர், 1978இல் பலூன் சிகிச்சையை உருவாக்கிய ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டார். பலூனால் விரித்த ரத்தக்குழாய் மறுபடி சுருங்கிவிடக்கூடும். அதை உள்ளிருந்து தாங்க ஏதாவது வேண்டும் என்று பால்மாஸுக்குப் பட்டது. சுவர்ப் பூச்சு வேலைக்கு வந்தவர் போட்டுவிட்டுப் போன ஒரு துண்டு வலைத்தகட்டில்தான் அதற்கான வடிவம் கிடைத்தது. 1988இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த வலையின் மேல் மருந்து பூசி, குழாய் மறுபடி அடைபடுவதை வெகுவாகக் குறைத்தது அடுத்த பெரிய முன்னேற்றம். இப்படி உழைத்தவர்களுக்குப் பணம் சேரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஆனால் நாம் கொடுத்த பணம் அவர்களுக்கா போனது? பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் ஸ்டென்ட் விலையை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகும் விலை நிர்ணயம் இழுத்துக்கொண்டே போக, நீதிமன்றம் கெடு விதித்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை அறிவித்தது. மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை அதுவரை 1,21,400 ரூபாய். அறிவித்த வரம்பு 29,600. பூச்சு இல்லாத சாதா ஸ்டென்ட் 45,100இலிருந்து 7,260க்கு இறங்கியது. ஆணையம் கணக்கை விரித்துப் பார்த்தபோது வெளியான உண்மைதான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது: லாபத்தில் பெரும்பங்கு மருத்துவமனைகளுக்குப் போயிருந்தது, சில இடங்களில் அவை வைத்த லாபம் 654 சதவீதம் வரை. கண்டுபிடித்தவரின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் வழியிலேயே பங்கு பிரிந்துவிட்டது.

விலை குறைந்ததும் கம்பெனிகள் ஒரு வாதத்தை வைத்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு என்றால் புதிய தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வராது என்றன. இதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. எனினும், புதியது என்பதற்கு என்ன பொருள் என்று பார்க்கவேண்டும். தில்லி துவாரகாவில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் ஒரு கருவியைப் பரிசீலிக்கும்போது, இது இதற்கு முன் இருந்ததா, துறை அறிந்தவர்களுக்கு எளிதில் தோன்றியிருக்குமா, தொழிலில் பயன்படுமா என்று பார்க்கிறது. முன்பிருந்த கருவியைவிட நோயாளிக்கு நல்லதா என்பது அங்கே கேள்வியே இல்லை. மருந்தின் கதை வேறு. தெரிந்த மருந்துப்பொருளின் புது வடிவத்துக்கு உரிமை கேட்டால், குணப்படுத்தும் ஆற்றல் கூடியிருக்கிறது என்று காட்டவேண்டும். புற்றுநோய் மருந்தான கிளீவெக் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் உறுதிசெய்தது.

புதிது என்பதாலேயே மேலானது ஆகிவிடாது என்பதற்கு அப்சார்ப் என்ற ஸ்டென்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத்துக்குப் பதில் கரையும் பாலிமர். சில ஆண்டுகளில் உடம்போடு கரைந்து காணாமல் போய்விடும். கேட்டவர்கள் எல்லோரும் வியந்தார்கள். விலை வரம்பு வந்தபோது இதையும் 29,600க்குள் அடக்கியது அநியாயம் என்று குரல் எழுந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. இரண்டாண்டு ஆய்வில் அப்சார்ப் வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு மாரடைப்பு உள்ளிட்ட பெரிய இதயப் பாதிப்புகள். ஒப்பிட்டுப் பார்த்த உலோக ஸ்டென்டில் 7.9 சதவீதம்தான். அந்த ஆண்டே அபாட் கம்பெனி, விற்பனை குறைவு என்று சொல்லி, உலகம் முழுக்க அதன் விற்பனையை நிறுத்தியது. கரையும் ஸ்டென்ட் என்ற எண்ணம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது மேம்பட்டு வரட்டும். சிகிச்சையில் மேலானது என்று ஆய்வில் நிரூபித்துவிட்டு வந்தால், அதற்குக் கூடுதல் விலை தர நானே வாதாடுவேன்.

எனவே தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலையை வைத்து ரகத்தை எடைபோடாதீர்கள். "இந்த ரகத்தை எத்தனை வருஷம் ஆய்வில் பார்த்திருக்காங்க டாக்டர்?" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தினால் எந்த விலை ஸ்டென்டிலும் ரத்தம் உறையலாம். 2017 உத்தரவின்படி பில்லில் ஸ்டென்டின் விலையைத் தனியாகக் காட்டவேண்டும். பிராண்டு, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் எல்லாம் இருக்கவேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பில்லை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். அந்த பேட்ச் எண்ணை அப்பாவின் மருத்துவக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். நாளை ஏதாவது ஒரு ரகத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று செய்தி வந்தால், அவர் நெஞ்சுக்குள் இருப்பது எது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.