கர்ப்பிணிக்கு வெயில் பகையா?

'வெயில்ல போகாதேம்மா, குழந்தை கறுத்துப் போயிடும்!' கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இந்த வசனம் கேட்காத நாள் உண்டா? கூடவே ராத்திரிப் பாலில் குங்குமப்பூ வேறு. குழந்தையின் நிறம் அப்பா, அம்மாவின் பரம்பரை வழி வருவது. அதை வெயிலும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது. ஆனால், ஒன்பது மாதமும் வெயிலே படாமல் பொத்தி வைத்தால் கெடுவது ஒன்று இருக்கிறது. எலும்பு! தாய்க்கும் சரி, சேய்க்கும் சரி.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டுத்தான் வைட்டமின் டி உண்டாகிறது. சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, குடல் சரியாக உறிஞ்ச அது வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் குழந்தை எலும்பு கட்ட நிறையக் கால்சியம் கேட்கும். போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இடுப்பு வலி, தொடை வலி, மாடிப்படி ஏற முடியாத அசதி... 'மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்தானே' என்று விட்டுவிடுகிறோம். பற்றாக்குறை கடுமையானால், பிறந்த குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

டி குறைவாக உள்ள கர்ப்பிணிகளிடம் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. குறைவுதான் அதற்குக் காரணமா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, எல்லாக் கர்ப்பிணிக்கும் டி மாத்திரை தேவையில்லை, பற்றாக்குறை என்று சந்தேகம் இருந்தால் தினம் 200 யூனிட் தரலாம் என்பது. அதற்காக, 'அப்ப நமக்கு ஒண்ணுமில்ல' என்று இருந்துவிடாதீர்கள். ஃப்ளாட் வாழ்க்கை, ஜன்னல் கண்ணாடி, குடை, மாநிறத்துக்கும் மேற்பட்ட நம் தோல் எல்லாம் சேர்ந்து, வெயில் கொளுத்தும் ஊரிலேயே நம்மில் பலருக்கு டி பற்றவில்லை.

'நான்தான் காலையில இளவெயில்ல நடக்கிறேனே டாக்டர்' என்பீர்கள். நடங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் ஆறரை மணி வெயிலில் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் சரியான நேரம். சித்திரையில் அது ஒன்பதரைக்கே வந்துவிடும், மார்கழியில் பத்தரை ஆகும். முகம், கை, முன்னங்கால் படும்படி பதினைந்து இருபது நிமிஷம் மொட்டை மாடியில் துணி உலர்த்துங்கள், போதும். கிறுகிறுப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இப்போது என் துறையைப் பற்றி. முருங்கைக் கீரையில் கால்சியம் உண்டு, வைட்டமின் டி இல்லை. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் இவற்றிலும் இருப்பது சுண்ணாம்புச் சத்துதான். 'இங்கிலீஷ் மாத்திரை உஷ்ணம், அதை நிறுத்திட்டு இதைச் சாப்பிடும்மா' என்று கர்ப்பிணியிடம் எந்த வைத்தியர் சொன்னாலும், அவர் என் போலச் சித்தம் படித்தவராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். பற்பத்தைச் சுயமாக வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. சாப்பாட்டு வழியில் டி வேண்டுமென்றால் மத்தி, அயிலை மீனும் முட்டையின் மஞ்சள் கருவும் ஓரளவு தரும். சைவக் குடும்பத்துக்கு வழி குறைவு.

அரசு ஆஸ்பத்திரியில் நாலாம் மாதம் முதல் தருகிற கால்சியம் மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள். 2014-ல் மத்திய அரசு வகுத்த முறைப்படி, 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் டி சேர்ந்தது அது. தினம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. இரும்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரசவமான பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. பக்கத்து வீட்டு மாமி மூட்டு வலிக்கு வாங்கிய 60,000 யூனிட் பொட்டலத்தைக் கர்ப்பிணி தானாகக் கரைத்துக் குடிப்பது! சீட்டில்லாமல் இது வேண்டவே வேண்டாம். உடம்பில் டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல் என்று இழுத்துவிடும்.

தாய்ப்பாலில் வைட்டமின் டி சொற்பம்தான். தாயிடமிருந்து வாங்கி வந்த கையிருப்பில்தான் குழந்தை கொஞ்ச நாள் ஓட்டும். அதனால் பிறந்ததும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து பற்றிக் குழந்தை டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.