கீரை விதையைப் பார்த்துச் சிரித்தவர்கள்

போன வருஷம் கல்லடியில் நடந்த ஒரு ஆரோக்கிய உணவுப் பட்டறைக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். ஏசி மண்டபம், புரொஜெக்டர், கதிரைக்கு ஒரு தண்ணிப் போத்தல். நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்தவர். நல்ல மனுசிதான், பொறுமையாகத்தான் சொன்னார். "வெள்ளைச் சோத்தைக் குறையுங்க. கிழமையில மூணு நாளாவது கினோவா சாப்பிடுங்க" என்றார். மறுகா கரட், போஞ்சி, புரொக்கோலி எல்லாம் பொடிப்பொடியாக வெட்டி, ஒலிவ் எண்ணெயில் பிரட்டி, அவித்த கினோவாவோடு கலந்து ஒரு கிண்ணம் செய்து காட்டினார். ஆளுக்கு ஒரு கரண்டி கிடைத்தது.

படுவான்கரையிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, அவிக்காமல் மிச்சமிருந்த கினோவாவில் கொஞ்சத்தை உள்ளங்கையில் எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். "இது கீரை விதை மாதிரித்தானே இரிக்கி மிஸ்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நாங்களும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அந்த அக்கா சொன்னதைத்தான் தாவரவியலும் சொல்லுது. கினோவா, நெல்லையும் குரக்கனையும் கோதுமையையும் போலப் புல்லில் விளையும் தானியமே இல்லை. எங்கட தண்டுக்கீரையும் பொன்னாங்காணியும் எந்தக் குடும்பமோ, அதே அமராந்தேசியே குடும்பம். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் விளையும் ஒரு கீரைச்செடியின் விதை அது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அதை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் அந்த அக்கா. அவரைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது. கினோவாவோடு எங்களுக்கு ஒரு பகையும் இல்லை. "ஆரோக்கியமான சாப்பாடு" என்பது பைக்கற்றில் அடைத்து, கப்பலில் ஏறி, சுப்பர்மார்க்கட் தட்டில் வந்து குந்தினால்தான் ஆரோக்கியம் என்ற நினைப்போடுதான் எங்களுக்குப் பகை.

கிண்ணத்துக்குள்ள என்ன இரிக்கி?

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் உலர்ந்த கினோவாவில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் இருக்கிறது. உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் உண்டு. நல்ல சாப்பாடுதான், மறுக்கவில்லை. குரக்கனில் புரதம் அதில் பாதி, 7 கிராம் அளவுதான். ஆனால் 100 கிராம் குரக்கனில் கல்சியம் 340 மில்லிகிராமுக்குக் குறையாது; கினோவாவில் 50 மில்லிகிராம்கூட இல்லை. பயற்றில் புரதம் 24 கிராம் வரும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயற்றில் நிறைய இருக்கு. பயற்றில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கு. ரெண்டையும் ஒரே பானையில் போட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பொங்கலன்று பானையில் அரிசியோடு வறுத்த பயற்றைப் போட்ட எங்கட அம்மம்மாக்களுக்கு அமினோ அமிலம் என்ற சொல் தெரியாது. கலவை தெரியும்.

பட்டறையில் இந்தக் கணக்கு எதுவும் வரவில்லை. சோறு என்றால் சீனி வருத்தம், கினோவா என்றால் ஆரோக்கியம் என்று ரெண்டு படம் மட்டும் திரையில் வந்தது. தவிடு நீக்காத சிவப்பரிசிக்கும் தீட்டித்தீட்டி வெளுத்த அரிசிக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைக்கூட யாரும் சொல்லவில்லை. பச்சைப்பெருமாள் என்ற பெயரை எடுக்கவே இல்லை. நெல் விளையும் ஊரில், வாவியின் மேற்குக் கரை முழுக்க வயலாகக் கிடக்கிற ஊரில் வந்து, சோறு சாப்பிடுறவன் குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தீஸ் மலையில் நடந்த கதை

கினோவாவுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது எங்கட கதை மாதிரியே இருக்கு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்தீஸைப் பிடித்த பிறகு கினோவா கீழிறக்கப்பட்டது. கோதுமையும் பார்லியும் ஆண்டவர்களின் தானியமாகின. கினோவா பழங்குடிகளின் சாப்பாடு, ஏழைகளின் சாப்பாடு என்று ஆனது. பொலிவியாவின் நகரங்களில் அதைச் சாப்பிடுவதே வெட்கமாகப் பார்க்கப்பட்ட காலம் இருந்தது. பிறகு வடக்கு நாடுகளின் பணக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2013ஐ சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்தது. விலை ஏறிக்கொண்டே போனது, மலைநாட்டு விவசாயிகளின் கையில் முதல் தடவையாகக் காசு புரண்டது. மற்ற நாடுகளும் பயிரிடத் தொடங்க, ரெண்டு வருஷத்துக்குள் விலை விழுந்தது. ஏத்தி விட்ட சந்தையே இறக்கியும் விட்டது.

அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விதை நூற்றாண்டுக்கணக்காக அதே விதைதான், அதன் சத்தும் மாறவில்லை. யார் அதைச் சாப்பிட்டார்கள் என்பது மட்டும்தான் மாறியது. ஏழை சாப்பிட்டபோது அது இழிவு, பணக்காரன் சாப்பிட்டபோது 'சுப்பர் ஃபூட்'.

இப்போது குரக்கனுக்கும் அதே கதைதான் தொடங்கியிருக்கு. 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தார்கள். குரக்கன் பிஸ்கட், குரக்கன் நூடில்ஸ் என்று வண்ணப் பைக்கற்றில் வருது. சேனையில் குரக்கன் விதைத்த குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் குரக்கன் பிட்டு கொண்டுபோனால் "கறுத்தப் பிட்டு" என்று பகிடி பண்ணின காலம் எங்களில் பல பேருக்கு நினைவிருக்கு. பகிடி பண்ணின கூட்டம் இப்போ அதைக் காசு கொடுத்து வாங்குது.

எங்கட கரையில் நடந்த கதை

குரக்கன் எங்கட தட்டிலிருந்து தானாகப் போகவில்லை. 1840இல் பிரித்தானியர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் இல்லாத காட்டுநிலத்தையெல்லாம் அரசுக்குச் சொந்தமாக்கியது. சேனைப் பயிர் செய்தவன் ஒரே நாளில் அத்துமீறுபவன் ஆனான். குரக்கன், சோளன், பயறு எல்லாம் விளைந்தது அந்தச் சேனையில்தான்.

மறுகா யுத்தம். 2007இன் தொடக்கத்தில் வாகரையிலும் படுவான்கரையிலும் நடந்த சண்டையில் மட்டக்களப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். கூடாரத்தில் கிடைத்தது நிவாரணம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது, அது உயிரைக் காத்தது. ஆனால் அந்தக் கூடாரங்களில் வளர்ந்த பிள்ளைகளின் நாக்கு கோதுமை ரொட்டிக்குப் பழகியது. அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இன்றைக்கு இதை எழுதுகிறோம். எங்களைப் பார்த்து "நீங்கள் ஏன் மா உணவையே சாப்பிடுறீங்க, அறிவு இல்லையா?" என்று கேட்க ஒரு பட்டறைக்கு என்ன உரிமை?

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். அதே வருஷக் கடைசியில் விலக்கினார்கள், அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் கணக்கின்படி உணவின் விலை முந்தைய வருஷத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியிருந்தது. கரட் கால் கிலோ வாங்குவதா விடுவதா என்று யோசித்த வீடுகளுக்குப் போய் "வண்ண வண்ணமாய்ச் சாப்பிடுங்கள்" என்று சொல்வது ஆலோசனை இல்லை, அவமானம்.

இன்னொன்றும் சொல்ல வேணும். புரதம் புரதம் என்கிறார்களே, மட்டக்களப்பின் எருமைத் தயிரை எங்கே விட்டார்கள்? அந்த முட்டியின் பின்னால் மேய்ச்சல் தரை இருக்கு. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் காணி பறிபோகுது என்று 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். மாதக்கணக்காகக் குந்தினார்கள். ஆரோக்கிய உணவு பற்றிப் பேசுகிற மேடைகளில் எத்தனை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது? மாடு மேயத் தரை இல்லாமல் தயிர் வராது. காணியைப் பற்றிப் பேசாத ஊட்டச்சத்துப் பேச்சு அரைப் பேச்சு.

குரக்கனைச் சாமியாக்கவும் வேண்டாம்

இந்த இடத்தில் சில நண்பர்கள் கை தட்டுவார்கள். "ஓம், பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவோம்!" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பழைய சாப்பாடு யாருடைய கையால் வந்தது? குரக்கனைக் காயப்போட்டு, புடைத்து, திருகையில் அரைத்து, அரித்து, பிட்டாக அவித்தது யார்? திருகைக் கட்டையைப் பிடித்த கை எல்லாம் பெண்களின் கை. "எங்கட அம்மம்மா காலத்தில் வருத்தமே இல்லை" என்று முகநூலில் எழுதுகிற ஆண்களே, உங்கள் அம்மம்மாவின் தோள்மூட்டு வலி உங்களுக்குத் தெரியுமா? கோதுமை மா வீட்டுக்கு வந்தபோது பல பெண்களுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமானது. அந்த மணித்தியாலத்தைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. குரக்கன் வேண்டும் என்றால் ஊருக்கு ஊர் அரைக்கும் மில்லும் வேணும், அடுப்படியில் ஆணும் நிற்க வேணும்.

மற்றது, குரக்கன் மருந்தும் இல்லை. மெல்லிய மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிச் சீனியும் போட்டுக் குடித்தால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சீனி வருத்தக்காரர் "குரக்கன்தானே" என்று அளவில்லாமல் சாப்பிட்டால் கிளினிக்கில்தான் போய் நிற்க வேண்டும். பைக்கற்காரனின் பொய்யை எதிர்க்கிற நாங்கள், எங்கட பக்கத்துப் பொய்யையும் எதிர்க்கத்தான் வேணும்.

கரட் விஷயம்

கரட் எங்கட மண்ணின் பயிர் இல்லை. கோவா, லீக்ஸ், பீற்றூட்டோடு நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து வருது. மழையில் பாதை மூடினால் விலை ஏறும். நல்ல மரக்கறி, கிடைக்கும்போது சாப்பிடுங்கள். ஆனால் கரட்டைக் கரட்டாக்கும் கரோட்டீன் பூசணியிலும் முருங்கையிலையிலும் கீரையிலும் இருக்கு. அதைச் சமைத்து, கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும். ஒலிவ் எண்ணெய் தேவையில்லை, தேங்காய்ப்பால் போதும்.

அந்தப் பட்டறைக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சமைத்தோம். வெட்டினதும் கழுவினதும் எல்லாரும்தான். சிவப்புப் பச்சையரிசி ஒரு சுண்டு, வறுத்த பயறு அரைச் சுண்டு. பயற்றை முதலில் அரைவேக்காடாக அவித்து, மறுகா அரிசியைப் போட்டோம். அரிசி பாதி வெந்ததும் பூசணி, பயிற்றங்காய், ஒரு கரட், சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், ரம்பை. தண்ணி வற்றும் நேரம் கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப். இறக்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கைப்பிடி முருங்கையிலை. கடைசியில் உப்பும் தேசிப்புளியும். பக்கத்தில் ஒரு கோப்பைத் தயிர்.

யாரோ தந்த கினோவா பைக்கற் ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதையும் இதே மாதிரிச் சமைத்தோம். விதையின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்பு இருக்கு, நுரை போகும்வரை கழுவ வேணும். ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி, கால் மணித்தியாலம் போதும். தேங்காய்ப்பாலோடு அதுவும் ருசிதான். வீணாக்கவில்லை, சாப்பிட்டோம். அந்த ஒரு பைக்கற்றின் விலைக்குப் பல கிலோ சிவப்பரிசி வாங்கலாம் என்பதை மட்டும் மறக்கவில்லை.

இனிமேல் பட்டறை நடத்துபவர்களிடம் எங்களுக்குக் கேட்க மூன்று விஷயம் இருக்கு. உங்கள் பட்டியலில் உள்ள மரக்கறியில் எத்தனை இந்த மாவட்டத்தில் விளையுது? நாட்கூலி வேலை செய்து, வாராந்தக் கடனும் கட்டுகிற ஒரு குடும்பத்தால் அதைக் கிழமைக்கு எத்தனை தரம் வாங்க முடியும்? அதைச் சமைக்கும் நேரத்தை யாருடைய நாளிலிருந்து எடுக்கிறீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் வாங்கோ, முன்வரிசையில் வந்து இருப்போம்.

எங்களிடமும் ஒரு கேள்வி இருக்கு. அந்த அக்காவின் பெயரைக்கூட நாங்கள் அன்று கேட்கவில்லை. பட்டறை முடிந்ததும் அவர் கிண்ணத்தில் ஒட்டியிருந்த நாலைந்து விதையை ஒரு கடுதாசித் துண்டில் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தோம். முளைக்குதா என்று பார்க்கத்தான் கொண்டுபோயிருப்பார். அடுத்த தடவை மைக்கை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பதுதான் நாங்கள் அந்தச் சிரிப்புக்குக் கட்ட வேண்டிய கடன்.