‘ஏலாது’ என்பது சோம்பலன்று

உழைக்கும் மக்களின் களைப்பை அவர்தம் குணக்குறையாகக் காண்பது ஆதிக்க சக்திகளின் நெடுநாளைய வழக்கமாகும். நிலவுடைமையாளன் அதனைச் சோம்பல் என்றான். ஏகாதிபத்திய ஆட்சியாளன் வெப்ப நாட்டாரின் பிறவிக்குணம் என்றான். இன்று அதே தீர்ப்பு வைத்தியரின் மேசையிலிருந்து வருகின்றது: “இரத்தத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் மனந்தான். உடற்பயிற்சி செய்யுங்கள்.”

இத்தீர்ப்புக்கு ஆளாவோருட் சிலர் நாட்பட்ட களைப்பு நோயால் வருந்துவோர். பெரும்பாலும் ஒரு தொற்றுநோயைத் தொடர்ந்து தோன்றும் இதனை, தசைவலியோடு கூடிய மூளை, முண்ணாண் அழற்சி என்னும் பெயரில், உலக சுகாதார நிறுவனம் 1969ஆம் ஆண்டிலேயே நரம்புமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது. ஆயின் மறு ஆண்டே இரு உளமருத்துவர், 1955இல் லண்டன் ரோயல் ஃபிரீ வைத்தியசாலையில் ஏறத்தாழ 300 பேரைப் பீடித்த இத்தகைய நோயை, பழைய குறிப்பேடுகளைக் கொண்டே ‘ஹிஸ்டீரியா’ என முடிவு கட்டினர். நோயுற்றோருட் பெரும்பாலார் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு சான்றாயிற்று!

இந்நோயை அறிய வழியில்லையா? உண்டு. அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2015இல் அதனைத் தெளிவாக வகுத்தது. ஆறு மாதங்களுக்கு மேலாக ஓய்வினால் தீராத களைப்பு, அதனால் முன்செய்த வேலைகளைச் செய்யவியலாமை, சிறிது உழைத்தாலும் பின்னர் உடல் முழுவதும் சரிந்துபோதல், உறங்கியும் தெளிவின்மை. இவற்றோடு நினைவுத் தடுமாற்றமோ, எழுந்து நிற்கையில் தலைசுற்றல் முதலிய துன்பங்களோ இருத்தல் வேண்டும். உழைப்பின் பின் வரும் சரிவே தலையாய அடையாளம். அது சிலவேளை மறுநாளே வெளிப்படும்; நாட்கணக்கில் நீடிக்கும். மனச்சோர்வுற்றவருக்குச் செயலில் நாட்டமே குன்றும். இந்நோயாளிக்கோ நாட்டமுண்டு, உடல்தான் இடங்கொடாது.

பின்தங்கிய பிரதேசத்தில் இதற்கெல்லாம் கருவி ஏது என்பர். இந்நோயை உறுதிசெய்யும் கருவி லண்டனிலும் இல்லை. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு, காசநோய் ஆகியன இல்லையெனச் சோதித்தறிந்தபின் வேண்டுவது கேள்வியே. எங்கள் பாப்பாமோட்டைப் பக்கத்தில் வயலிலும் கடலிலும் கூலிக்கு உழைப்பவர் ‘ஏலாது’ என்று ஒரு சொல்லிற் கூறுவார். “வேலை செய்த மறுநாள் உடம்பு எப்படி?” என்று திருப்பிக் கேட்பதற்குப் பணம் வேண்டாம்; பயிற்சி வேண்டும்.

களைப்பு யாவும் இந்நோயே எனல் பேதைமை. கோவாவில் 18 முதல் 50 வயதுவரையான பெண்களிடையே நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குப் பன்னிருவர் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட களைப்பைக் கூறினர். அதற்கும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மனத்துயரோடும் கணவனின் வன்முறையோடுமே தொடர்பிருந்தது. அவர்களுக்கு இரும்புச்சத்துக் குளிகை மாத்திரம் விடையாகுமா? 2009இல் முடிந்த போரின் வடுவைச் சுமக்கும் மன்னாரிலும் துயரால் வரும் களைப்பு உண்டு. நோயால் வரும் களைப்பும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கற்காத வைத்தியம் இரு சாராருக்கும் அநீதி இழைக்கின்றது.

இது தனிப்பட்ட வைத்தியர்களின் குற்றமன்று, கல்வியின் குற்றம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளிலேயே மூன்றிலொரு பங்குக்குக் குறைவானவற்றின் பாடத்திட்டத்திலேதான் இந்நோய் இடம்பெற்றிருந்தது என அந்த 2015ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அங்கு நோயுற்றோருள் நூற்றுக்கு 84 முதல் 91 பேர்வரை நோய் கண்டறியப்படாதோர்! படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குச் சிகிச்சையாக வழங்கலாகாதென 2021இல் பிரித்தானிய வழிகாட்டி நெறி கூறிவிட்டது. பழைய பாடத்தைப் படித்தவர் இன்றும் அதனையே விதித்தால், நோயாளியைப் படுக்கையில் வீழ்த்துபவர் அவரேயாவார்.

எனவே வைத்தியருக்கு மட்டுமன்றி, வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தாதியருக்கும் இப்பாடம் தமிழிற் புகட்டப்படல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். இன்று ஒருபக்கக் கேள்விக்கொத்தைத் தமிழில் ஆக்குவது அரிதோ? பிறமொழி பேசும் வைத்தியர் இங்கு நியமனம் பெறும்போது ‘ஏலாது’ என்ற சொல்லின் பொருளும் அவருக்குக் கற்பிக்கப்படட்டும்.

ஆசிரிய நண்பர்களே, இந்நோய் சிறுவரையும் விடுவதில்லை. ஒருநாள் விளையாடி மூன்றுநாள் வராத மாணவனின் பெயருக்கெதிரே ‘சோம்பேறி’ என்று மனத்துள் எழுதுமுன், அந்த மூன்று நாளும் அவன் எவ்வாறிருந்தான் என்று கேளுங்கள். கேள்வியிலேயே வைத்தியம் தொடங்குகின்றது. நீதியும் அங்குதான் தொடங்குகின்றது.